ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கும்போது மைனஸ் தொலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

(க − 4)(க − 6) என்று ஒரு கணக்கு. செய்பவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு நன்றாகத் தெரியும், நான்கு பெருக்கலையும் ஒன்றுவிடாமல் செய்துமிருப்பார். ஆனாலும் விடைத்தாளில் க² − 10க − 24 என்று நிற்கும். எண்கள் மூன்றும் சரி. 24-க்கு முன்னால் இருக்கும் குறி மட்டும் தப்பு, அந்த ஒரு குறியால் மொத்த விடையும் போய்விடும். இன்னொருவர் அதே கணக்கில் க² + 10க + 24 என்று எழுதுவார். அவருக்கு 24 சரியாக வந்து, நடு உறுப்பு கெட்டுவிட்டது. இரண்டு பேருக்கும் நேர்ந்தது ஒரே குழப்பம். அது என்ன என்று தெரிந்துகொண்டால் குறிப்பிழையில் பெரும்பங்கு தானாக நின்றுவிடும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. இங்கே மாறிக்கு 'க' என்ற எழுத்து, இரண்டாவது மாறி தேவைப்படும்போது 'ப'. பாடப்புத்தகத்தில் அந்த இடத்தில் எக்ஸ், ஒய் இருக்கும். செய்முறையில் எந்த வித்தியாசமும் இல்லை.

குறி யாருக்குச் சொந்தம்?

2க − 3 என்ற கோவையில் இரண்டு உறுப்புகள். அவை எவை என்று கேட்டால் "2க, 3" என்று பதில் வரும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. உறுப்புகள் 2க, −3. மைனஸ் நடுவில் நிற்கும் வேலி இல்லை. அது தனக்கு வலப்பக்கம் இருக்கும் உறுப்போடு ஒட்டிக்கொண்டது. 3 எங்கே போனாலும் அதன் மைனஸும் கூடவே போக வேண்டும்.

ஆகவே பெருக்கத் தொடங்கும் முன் பென்சிலால் ஒவ்வோர் உறுப்பையும் அதன் குறியோடு சேர்த்து வட்டமிடுங்கள். (2க − 3)(5க − 4) என்றால் நான்கு வட்டங்கள்: 2க, −3, 5க, −4. வட்டத்துக்கு வெளியே எந்தக் குறியும் மிச்சம் இருக்கக் கூடாது. முன்னால் குறி இல்லாத உறுப்புக்குப் பிளஸ் என்று பொருள். பத்துக் கணக்கு இப்படிச் செய்துவிட்டால் பிறகு வட்டம் போடத் தேவையிருக்காது, கண்ணே போட்டுக்கொள்ளும்.

ஏன் நான்கு பெருக்கல்?

முதல் அடைப்பில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் இரண்டாவது அடைப்பில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் ஒரு முறை பெருக்க வேண்டும். பங்கீட்டுப் பண்பை இரண்டு முறை பயன்படுத்துவதுதான் இது. இரண்டு உறுப்பு, இரண்டு உறுப்பு, ஆக நான்கு பெருக்கல்கள். எண்களில் பார்த்தால் உடனே புரியும்: 12 × 13 என்பது (10 + 2)(10 + 3). பெருக்கினால் 100 + 30 + 20 + 6 = 156. முதலையும் முதலையும், கடைசியையும் கடைசியையும் மட்டும் பெருக்கி நிறுத்திவிட்டால் 106-தான் வரும். நடுவில் இருந்த 50 காணாமல் போகிறது. (க + 2)(க + 3) = க² + 6 என்று எழுதுபவர் தொலைப்பதும் இதே நடுத்துண்டைத்தான்.

வரிசைக்கு "முதல், வெளி, உள், கடை" என்று மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. இரண்டுக்கு இரண்டு என்றால் அது போதும். ஓர் அடைப்பில் மூன்று உறுப்பு வந்தால் அந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும். "ஒவ்வொன்றும் ஒவ்வொன்றையும்" என்ற விதி எப்போதும் கைவிடாது, அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ்?

விதியாக மட்டும் படித்தது அவசரத்தில் மறக்கும், கண்ணால் பார்த்தது மறக்காது. ஒரு கட்டம் போட்ட தாளில் 10-க்கு 10 சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 100 கட்டங்கள். இப்போது வலப்பக்கம் 2 கட்ட அகலத்துக்கும், கீழ்ப்பக்கம் 3 கட்ட உயரத்துக்கும் நிழலிடுங்கள். நிழல் படாமல் மிஞ்சுவது 8-க்கு 7, அதாவது 56 கட்டங்கள்.

இதையே கணக்காகப் போடுங்கள். வலப்பக்கப் பட்டையில் 2 × 10 = 20 கட்டங்கள். கீழ்ப்பட்டையில் 3 × 10 = 30 கட்டங்கள். 100 − 20 − 30 = 50. ஆனால் தாளில் 56 இருக்கிறதே, 6 எங்கே போனது? வலது கீழ் மூலையைப் பாருங்கள். அந்த 2-க்கு 3 துண்டு இரண்டு பட்டைகளிலும் இருக்கிறது. ஒரு முறைதான் நீக்க வேண்டியதை இரண்டு முறை கழித்துவிட்டோம். அதனால் ஒரு முறை திருப்பிச் சேர்க்க வேண்டும்: 100 − 20 − 30 + 6 = 56. அந்த + 6-தான் (−2) × (−3).

கி.பி. 628-இலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்த விதியைச் செல்வம், கடன் என்ற சொற்களில் எழுதிவைத்தார். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம், கடனைச் செல்வத்தால் பெருக்கினால் கடன்.

ஒரு வாசகம் செய்யும் கெடுதல்

"மைனஸும் மைனஸும் பிளஸ்." வகுப்பறையில் காதில் விழும் இந்த வாசகம் பாதிதான் உண்மை. பெருக்கினால் பிளஸ், கூட்டினால் அப்படி இல்லை. ஈருறுப்புக் கோவைப் பெருக்கலில் வம்பு என்னவென்றால், ஒரே கணக்குக்குள் இரண்டு வேலைகளும் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் பெருக்குகிறோம், பிறகு ஒத்த உறுப்புகளைக் கூட்டுகிறோம். முதல் வேலையின் விதியை இரண்டாவது வேலைக்கும் கொண்டுபோனால் விடை கெடும்.

முதலில் பார்த்த (க − 4)(க − 6) கணக்கை மெதுவாகச் செய்வோம்.

க × க = க²
க × (−6) = −6க
(−4) × க = −4க
(−4) × (−6) = +24

இதுவரை பெருக்கல். இனி −6க, −4க இரண்டையும் சேர்க்க வேண்டும். 6 ரூபாய் கடன் இருக்கிறது, மேலும் 4 ரூபாய் கடன் வாங்கினால் மொத்தக் கடன் 10. ஆகவே −10க. விடை க² − 10க + 24.

+10க என்று எழுதியவர் கூட்டும் இடத்தில் பெருக்கல் விதியைப் போட்டார். −24 என்று எழுதியவர் பெருக்கும் இடத்தில் கூட்டல் விதியைப் போட்டார். வாசகத்தை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்: மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ், மைனஸோடு மைனஸைக் கூட்டினால் பெரிய மைனஸ்.

குறிகள் வேறுபட்டால் கூட்டும்போது எண்களின் வித்தியாசத்தை எடுத்து, பெரிய எண்ணின் குறியைப் போட வேண்டும். −7க + 3க = −4க. இதை −10க என்று எழுதுவதும் +4க என்று எழுதுவதும் அடிக்கடி பார்க்கும் தவறுகள்.

கட்டம் போட்டுச் செய்யும் முறை

குறி அடிக்கடி தவறுபவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை கிடையாது. (க + 3)(க − 7) கணக்குக்கு நான்கு அறைகள் கொண்ட கட்டம் வரையுங்கள். மேலே ஓர் அடைப்பின் உறுப்புகள், பக்கவாட்டில் இன்னொன்றின் உறுப்புகள், எல்லாம் குறியோடு.

| | க | −7 |
|---|---|---|
| க | க² | −7க |
| +3 | +3க | −21 |

ஒவ்வோர் அறையிலும் மூன்று படி: முதலில் குறி, பிறகு எண், கடைசியில் எழுத்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண்ணை முதலில் எழுதி "குறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தால் பிறகு பார்க்க நேரம் இருக்காது. பிளஸ் வந்தாலும் எழுதுங்கள். வெறுமனே விட்ட அறை பிளஸா, குறி போட மறந்ததா என்று பத்து நிமிடம் கழித்து உங்களுக்கே தெரியாது.

ஒத்த உறுப்புகள் குறுக்கு மூலைகளில் எதிரெதிராக இருக்கும்: −7க, +3க. சேர்த்தால் −4க. விடை க² − 4க − 21.

முன்கூட்டியே தெரியும் குறி

பெருக்குவதற்கு முன்பே கடைசி உறுப்பின் குறியைச் சொல்லிவிடலாம். இரண்டு மாறிலிகளும் (எழுத்து ஒட்டாத வெறும் எண்கள்) ஒரே குறி என்றால் கடைசி உறுப்பு பிளஸ், வெவ்வேறு குறி என்றால் மைனஸ். விடையின் ஓரத்தில் முதலிலேயே அதைக் குறித்துவைத்துவிட்டுப் பெருக்கத் தொடங்கினால், வழியில் தடுமாறினாலும் உடனே தெரிந்துவிடும்.

நடு உறுப்புக்கு ஒரு குறுக்குவழி உண்டு: (க + ம)(க + ன) வடிவில் இருந்தால் (ம, ன இரண்டும் மாறிலிகள்) நடுவில் க-வோடு வருவது மாறிலிகளின் கூடுதல். ஆனால் க-வின் கெழு, அதாவது க-வைப் பெருக்கி நிற்கும் எண், இரண்டு அடைப்பிலும் 1 ஆக இருக்கும்போதுதான் இது செல்லும். (2க + 3)(க − 4) கணக்கில் 3 − 4 = −1 என்று போட்டு நடு உறுப்பு −க என எழுதினால் தவறு. உண்மையில் 2க × (−4) = −8க, 3 × க = +3க, சேர்த்தால் −5க. விடை 2க² − 5க − 12.

க-வுக்கு முன்னால் மைனஸ் வந்தால்

(3 − க)(க + 5) போன்ற கணக்குகளில் பலர் தடுக்கி விழுகிறார்கள். −க-வின் கெழு −1. அந்த 1 கண்ணுக்குத் தெரியாததால் மைனஸும் மறந்துபோகிறது. உறுப்புகள் 3, −க, க, +5.

3 × க = 3க
3 × 5 = 15
(−க) × க = −க²
(−க) × 5 = −5க

விடை −க² − 2க + 15. இங்கே க²-க்கு மைனஸ் வருவது சரியே. "க² எப்போதும் பிளஸ்" என்று ஒரு பழக்கம் மனதில் ஊறியிருந்தால் அதைக் களைய வேண்டும். அடைப்புகளில் ஒன்றில் மட்டும் க-வுக்கு மைனஸ் இருந்தால் க² மைனஸ்தான். இரண்டிலும் இருந்தால் பிளஸ்.

வர்க்கம் வரும்போது

(க − 5)² என்பதை (க − 5)(க − 5) என்று ஒரு முறை விரித்து எழுதுங்கள். −5க இரண்டு முறை வரும், (−5)(−5) = +25. விடை க² − 10க + 25. இதற்கு மூன்று தவறான விடைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. க² − 25 என்பதில் நடு உறுப்பே இல்லை. க² + 25 என்பதிலும் இல்லை. க² − 10க − 25 என்பதில் நடு உறுப்பு இருக்கிறது, ஆனால் 5-ஐ மட்டும் வர்க்கப்படுத்தி மைனஸை வெளியே விட்டிருக்கிறார்கள். ஓர் ஈருறுப்பை வர்க்கப்படுத்தினால் கடைசி மாறிலி மைனஸாக வர வழியே இல்லை. மைனஸ் நின்றால் பேனாவை அங்கேயே நிறுத்துங்கள்.

(−க − 4)² என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். இரண்டு உறுப்பும் மைனஸ், ஆகவே இதன் வர்க்கமும் (க + 4)²-உம் ஒன்றுதான்: க² + 8க + 16. ஆனால் −(க + 4)² வேறு. அங்கே வர்க்கம் முதலில், மைனஸ் பிறகு: −க² − 8க − 16. (−3)² = 9, −3² = −9 என்ற அதே வேறுபாடு.

(க + 7)(க − 7) வகையில் நடு உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துவிடும், க² − 49 மட்டும் மிஞ்சும். (7 − க)(7 + க) என்றால் 49 − க². இதில் பெரிதாகத் தவறுவதற்கு ஒன்றுமில்லை, எது முதலில் நிற்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும்.

இரண்டு மாறிகள் இருந்தாலும் முறை மாறாது. (3க − 2ப)(க − 5ப) = 3க² − 15கப − 2கப + 10ப² = 3க² − 17கப + 10ப². கப, பக இரண்டும் ஒத்த உறுப்புகளே. கடைசியில் 10 என்று எழுதி ப²-ஐ விட்டுவிடாதீர்கள்.

பெருக்கலுக்கு முன்னால் நிற்கும் மைனஸ்

குறிப்பிழையில் மிகவும் விலை கொடுக்கவைப்பது இதுதான். 10 − (க + 2)(க − 3) என்ற கணக்கில் பெருக்கல் முடிந்தவுடன் அடைப்பைக் கழற்றிவிடுகிறார்கள்: 10 − க² − க − 6. இப்படி எழுதினால் முன்னால் நின்ற மைனஸ் க²-ஐ மட்டும் தொட்டுவிட்டு நின்றுபோகிறது. அது மூன்று உறுப்புகளையும் மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது: பெருக்கி வந்த விடையை முழுசாக ஓர் அடைப்புக்குள் வைத்து ஒரு வரி எழுதுங்கள்.

10 − (க² − க − 6)

அடுத்த வரியில் அடைப்பை நீக்கி, உள்ளே இருந்த ஒவ்வொரு குறியையும் மாற்றுங்கள்.

10 − க² + க + 6 = −க² + க + 16

அந்த ஒரு வரியை மிச்சப்படுத்துவதில் எந்த லாபமும் இல்லை. கைதேர்ந்தவர்களும் அதை எழுதத்தான் செய்கிறார்கள்.

முன்னால் எண் நின்றாலும் கவனம் தேவை. 3(க − 2)(க + 4) என்பதில் 3 ஓர் அடைப்பை மட்டும்தான் பெருக்கும். இரண்டையும் பெருக்கினால் விடை 3 மடங்குக்குப் பதில் 9 மடங்காகிவிடும். முதலில் அடைப்புகளைப் பெருக்கி, கடைசியில் 3-ஆல் பெருக்குவது சுலபம்: 3(க² + 2க − 8) = 3க² + 6க − 24.

எழுதும் கை செய்யும் பிழைகள்

சில மைனஸ்கள் கணக்கில் தொலைவதில்லை, தாளில் தொலைகின்றன. வரி முடிவில் மைனஸை எழுதி அடுத்த வரியில் எண்ணைத் தொடங்கினால், கண் அந்த மைனஸைத் தாண்டிப் போய்விடும். குறியை அடுத்த வரியின் தொடக்கத்தில் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். க × −6 என்று எழுதாமல் க × (−6) என்று அடைப்பு போடுங்கள். இல்லாவிட்டால் க − 6 என்று படித்துப் பெருக்கலைக் கழித்தலாக்கிவிட நேரும். மைனஸைப் புள்ளி மாதிரிச் சின்னதாக இழுக்காமல், பிளஸின் கிடைக்கோட்டு அளவுக்காவது நீட்டி எழுதுங்கள்.

சரிபார்ப்பது: அரை நிமிட வேலை

விரித்து எழுதிய விடையும் மூலக் கணக்கும் க-வுக்கு எந்த மதிப்பு கொடுத்தாலும் ஒரே எண்ணைத் தர வேண்டும். (2க − 3)(5க − 4) கணக்குக்கு 10க² − 23க + 12 என்று விடை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். க = 1 போட்டால் மூலத்தில் (−1)(1) = −1. விடையில் 10 − 23 + 12 = −1. பொருந்துகிறது.

எந்த எண்ணைப் போடுவது என்பதில் விஷயம் இருக்கிறது. க = 0 போட்டால் மாறிலி மட்டும்தான் சரிபார்க்கப்படும், நடு உறுப்பின் பிழை தெரியாது. க = 1 போட்டால் எல்லாக் கெழுக்களும் சேர்ந்து வரும், ஆனால் க² எழுத வேண்டிய இடத்தில் க என்று எழுதியிருந்தால் பிடிபடாது, ஏனென்றால் 1-இன் வர்க்கமும் 1. விடை இரண்டாம் படியைத் தாண்டாமல் இருந்தால் 0, 1, −1 மூன்றையும் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் பொருந்தினால் விடை நிச்சயமாகச் சரி. இரண்டு இரண்டாம்படிக் கோவைகள் மூன்று இடங்களில் ஒத்துப்போனால் அவை ஒன்றேதான்.

மைனஸ் எண்ணைப் போடும்போது அடைப்பு அவசியம். க = −1 என்றால் க² என்பது (−1)² = 1. அதை −1² என்று எழுதி −1 ஆக்கிவிட்டால், சரியான விடையையும் தவறென்று அடித்துவிட்டுப் புதிதாக ஒரு தவறைச் செய்துவைப்பீர்கள்.

எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு

(க + 4)(க − 1) − (க − 3)(க + 2)

முதல் பெருக்கல்: க² − க + 4க − 4 = க² + 3க − 4.
இரண்டாவது பெருக்கல்: க² + 2க − 3க − 6 = க² − க − 6.
அடைப்போடு ஒரு வரி: (க² + 3க − 4) − (க² − க − 6).
குறிகளை மாற்றிய வரி: க² + 3க − 4 − க² + க + 6.
சேர்த்தால் 4க + 2.

க = 1 போடுங்கள். மூலத்தில் (5)(0) − (−2)(3) = 0 + 6 = 6. விடையில் 4 + 2 = 6. க = 0 போட்டால் (4)(−1) − (−3)(2) = −4 + 6 = 2, விடையிலும் 2. க = −1 போட்டால் (3)(−2) − (−4)(1) = −6 + 4 = −2, விடையில் −4 + 2 = −2.